பிறர் செய்தியைக் கையாளும் நெறி

(சங்க ஆண்டு விழாவில் செயற்குழுவின் சார்பில் ஆற்றிய உரை)

 

ஆண்டுதோறும் நம் மலரின் கடைசிப் பக்கங்களில் உறுப்பினர் பட்டியல் இடம்பெறுவது வழக்கம். வீட்டு எண், தொலைபேசி எண், குடும்பத்தினர் பெயர், பிள்ளைகள் பயிலும் வகுப்பு ஆகிய அனைத்தும் அதில் இருக்கும். நாஞ்சில் நாட்டிலிருந்தும் நெல்லைச் சீமையிலிருந்தும் வந்து கரமனையில் குடியேறிய குடும்பங்கள் ஒன்றையொன்று கண்டுகொள்ள அதுவே துணையாக இருந்தது. 1956-இல் எல்லை பிரிந்த பின்னர் அப்பால் நின்ற உறவினர்கூட, நம் வீட்டை அப்பட்டியலைக் கொண்டே தேடி வந்ததுண்டு. இவ்வாண்டு மலரில் அது இல்லை. இட நெருக்கடியே காரணம் என்று கூறித் தப்பிவிடலாம், அது பொய்யாகும். ஆகவே உள்ளதை உள்ளவாறு கூற முற்படுகின்றோம்.

சென்ற ஆண்டு மலருக்கு விளம்பரம் தேடி அலைந்தபோது, ஒரு வணிக நிலையத்தார் முழுப்பக்க விளம்பரம் தர இசைந்தனர். உறுப்பினர் பட்டியலைக் கணிப்பொறிக் கோப்பாக அனுப்பித் தருமாறு மட்டும் கேட்டனர். அச்சேறப் போகும் செய்திதானே என்று எண்ணினோம், அனுப்பினோம். விரல் அசைவில் முடிந்த காரியம்! இரண்டு திங்கள் கழிவதற்குள், நம் குடியிருப்பில் தனியே வாழும் முதியவர் சிலருக்கு அழைப்புகள் வரலாயின. பெயர் சொல்லி விளித்து, வெளியூரில் இருக்கும் மகன் பெயரையும் சொல்லி, அவன் ஒரு வழக்கில் சிக்கியிருப்பதாகவும் உடனே பணம் அனுப்ப வேண்டுமென்றும் ஒரு குரல் மிரட்டியது. ஓர் அம்மையார் நடுங்கியபடி வங்கிவரை சென்றுவிட்டார். அங்கிருந்த பணியாளர் ஐயுற்றுத் தடுத்தமையால் அவருடைய சேமிப்பு பிழைத்தது. அவ்வழைப்புகளுக்கும் நாங்கள் அனுப்பிய பட்டியலுக்கும் தொடர்பு உண்டு என்று மெய்ப்பிக்க இயலாது. இல்லை என்று சொல்லவும் எங்களுக்கு நா எழவில்லை.

எங்கே தவறினோம் என்று பலநாள் எண்ணிப் பார்த்தோம். பட்டியலில் மறைபொருள் எதுவும் இல்லை. ஆனால் நீங்கள் அதை எங்களிடம் தந்தது, நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஒருவரையொருவர் அழைத்துக் கொள்வதற்காக. நாங்கள் அதை ஒரு விளம்பரத்திற்கு விலையாக்கினோம். உங்களை ஒரு சொல் கேட்கவுமில்லை.

எண்பதைக் கடந்த பெரியோர்க்குத் திருவிதாங்கூர் அஞ்சல் நினைவிருக்கலாம். 1951-இல் அது இந்தியத் தபால் துறையோடு இணைந்தது. மணி கட்டிய கோலுடன் ஓடிய அஞ்சற்காரர் தோளில் சுமந்த பை அவருடையதன்று. அதனைச் சேர்ப்பிக்கும் கடமை மட்டுமே அவருடையது. அக்காலத்தார் எல்லாரும் உத்தமர் என்று கூற வரவில்லை. தபால் அட்டையை வீட்டுக்காரர் படிப்பதற்கு முன்னே தெருவே படித்துவிடும்! ஆயினும் அந்த வம்பு தெருமுனையோடு நின்றது. இன்று கைவிட்டுப் போன செய்தி ஆயிரம் படியாகப் பெருகுகின்றது. திரும்ப அழைக்க வழியில்லை.

இது நம் சங்கத்தின் பிழை மட்டுமன்று. 2020 மார்ச்சுத் திங்களில் கொரோனா நோய் கேரளத்தில் பரவத் தொடங்கியபோது, பத்தனம்திட்டை மாவட்ட நிர்வாகம் நோயுற்றோர் சென்றுவந்த இடங்களையும் நேரங்களையும் வரைபடமாக வெளியிட்டது. பெயர் எதனையும் கூறவில்லை. அவ்விடங்களில் இருந்தோர் எச்சரிக்கை அடைய வேண்டும் என்பதே கருத்து, தக்க செயலே. ஆனால் அக்குடும்பம் எது என்று கண்டறிந்து, சமூக ஊடகங்களில் வசைமாரி பொழிந்தவர்கள் நம்மைப் போன்ற பொதுமக்களே.

அதே வேளையில், தனிமையில் வைக்கப்பட்டோரின் உடல்நலச் செய்திகளைத் தொகுத்து ஆராய்வதற்காக, நியூயார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்பிரிங்க்ளர் என்னும் நிறுவனத்தின் மென்பொருளைக் கேரள அரசு பயன்படுத்தியது. நோய் தீ போலப் பரவும் நேரம். விரைவு வேண்டும் என்று அரசு கூறியதில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும், தாம் சொன்ன செய்தி அயல்நாட்டு நிறுவனம் ஒன்றைச் சென்றடையும் என்று மக்களிடம் முன்கூட்டிச் சொல்லப்பட்டதா என்ற வினா எழுந்தது. வழக்குகள் தொடரப்பட்டன. கேரள உயர்நீதிமன்றம் 2020 ஏப்ரல் 24 அன்று இடைக்கால ஆணை பிறப்பித்தது. அதுவரை திரட்டியவற்றில் ஆள் அடையாளத்தை நீக்கிய பின்னரே நிறுவனம் அவற்றை அணுக விட வேண்டும். இனித் திரட்டுகையில், மூன்றாம் தரப்பார் அணுகக்கூடும் என்று எடுத்துரைத்து ஒப்புதல் பெற வேண்டும் என்றது. மே மாதம், அப்பணியை இனி சி-டிட் கவனிக்கும் என்று அரசு நீதிமன்றத்தில் தெரிவித்தது. அந்நிறுவனம் வேறெங்கோ இல்லை. நம் கரமனையாறு கடலை நாடும் வழியில் உள்ள திருவல்லத்தில்தான் இருக்கின்றது.

நோக்கம் நல்லதாயினும், கேளாமல் எடுத்தது கேளாமல் எடுத்ததே என்பதை அவ்வழக்கில் கண்டோம். எங்கள் நோக்கமோ ஒரு விளம்பரம்!

அந்தரங்கம் குடிமக்களின் அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24 அன்று ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். 2023-இல் நாடாளுமன்றம் தனிப்பட்ட தரவுகளைக் காக்கச் சட்டமும் இயற்றியது. எதற்காகக் கேட்கின்றோம் என்று சொல்லி ஒப்புதல் பெற வேண்டும், அதற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. ஆனால் ஒருவர் தம் சொந்தத் தேவைக்கும் வீட்டுத் தேவைக்கும் கையாளும் செய்திகளுக்கு அச்சட்டம் பொருந்தாது. அது நம் வாசற்படியோடு நின்றுவிடுகின்றது. உள்ளே நடப்பதற்கு நாமே பொறுப்பு.

உள்ளே நடப்பது என்ன? வரன் தேடத் தந்த பெண்ணின் சாதகமும் படமும் எத்தனை வாட்ஸ்அப் குழுக்களில் உலவுகின்றன! அப்பெண்ணைக் கேட்டவர் யார்? மருத்துவமனையில் கிடப்பவரின் ஆய்வறிக்கையைப் படமெடுத்துப் பரப்புகின்றோம், அக்கறையோடுதான் பரப்புகின்றோம். நம் குடியிருப்பில் ஒரு பெரியவர் விடியற்காலையில் காலமானார். அவருடைய துணைவியார், வளைகுடா நாட்டில் உள்ள மகனுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். அதற்குள் குழுவில் இரங்கற் செய்தியும் மாலையிட்ட படமும் வந்துவிட்டன. மகன் தந்தையின் மறைவை, முகம் தெரியாத ஒருவர் அனுப்பிய கைகூப்பும் சின்னத்தின் வழியே அறிந்தார். செய்தி உண்மை, அனுப்பியவர் நல்லவர். அதைச் சொல்லும் உரிமை மட்டும் அவருக்கு இல்லை. அந்த அம்மையார் அதன்பின் ஓராண்டு குழுவில் எதையும் திறந்து பார்க்கவில்லை என்று கேள்வியுற்றோம்.

அவ்வணிக நிலையத்தாரிடம் பட்டியலை அழித்துவிடுமாறு எழுதினோம். அழித்துவிட்டதாக மறுமொழி வந்தது. உண்மையில் அழித்தார்களா என்று பார்க்கும் கண் எங்களுக்கு இல்லை. விளம்பரத் தொகையைத் திருப்பித் தருவது என்று செயற்குழு முடிவு செய்துள்ளது. இம்மலர் சற்று மெலிந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனிப் பட்டியல் ஒரு பேரேட்டில் மட்டும் எழுதப்பெற்றுச் செயலாளர் வீட்டில் இருக்கும். உறுப்பினர் எவரும் நேரில் வந்து பார்க்கலாம். மலரோடு ஒரு படிவம் இணைத்துள்ளோம். பெயர் தவிர மற்றவை உங்கள் விருப்பம். வேண்டாதவற்றை வெறுமையாக விடுக. பெண்களும் வளர்ந்த பிள்ளைகளும் தங்கள் பகுதியைத் தாங்களே நிரப்ப வேண்டுகின்றோம். குடும்பத் தலைவர் எல்லாருக்குமாக ஒப்பமிட வேண்டா. நிரப்பிய படிவத்தைச் செயலாளரிடம் நேரில் தருக. படமெடுத்து வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பிவிடாதீர்கள்!