முதுமையில் மனச்சோர்வும் மூளைக்கு மின்தூண்டலும்

முதுமை வந்தால் மறதியும் வரும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது வேறு. உண்பதில் விருப்பமின்றி, உறக்கம் கெட்டு, எதிலும் பற்றற்று, கேட்ட கேள்விக்கு நெடுநேரம் சென்று விடையளிப்பது வேறு. பின்னதற்கு முதுமையே காரணம் என்று முடிவு செய்தல் தவறு. அது மனச்சோர்வு என்னும் நோயாக இருக்கக்கூடும்.

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மிற் பலர், வயது முதிர்ந்த பெற்றோரை ஊரிலிருந்து அழைத்து வந்து உடன் வைத்துக்கொண்டிருக்கிறோம். அயலாரின் மொழி அறியாத இடத்தில் அவர்களுடைய பேச்சு நாளடைவில் குறைந்துபோவதைக் காண்கிறோம். எனவே இப்பொருளை அறிந்துகொள்ளும் கடமை நமக்குச் சற்று மிகுதியாகவே உண்டு.

மனச்சோர்வு உள்ளத்தை மட்டும் வருத்துவதன்று. கவனம், திட்டமிடும் திறன், சிந்தனையின் விரைவு ஆகியவற்றையும் அது தாக்குகிறது. சோர்வு நீங்கிய பின்னரும் முதியோர் சிலரிடம் இக்குறைகள் எஞ்சி நிற்கின்றன. 'லான்செட்' மருத்துவ இதழ் அமைத்த அறிஞர் குழு 2024ஆம் ஆண்டில், மறதிநோய்க்குக் காரணமாகக்கூடிய, மாற்றத்தக்க கூறுகள் 14 என்று வரையறுத்தது. மனச்சோர்வும் அவற்றுள் ஒன்று. மாற்றத்தக்கது என்னும் சொல்லே நமக்கு நம்பிக்கை அளிப்பது.

மூளைக்கு மின்சாரத்தால் மருத்துவம் செய்வது புதிய எண்ணமன்று. 1938இல் ரோமாபுரியில் செர்லெட்டி, பினி என்னும் மருத்துவர் இருவர் மின்னதிர்ச்சி முறையைத் தொடங்கினர். இன்று மயக்கமருந்து கொடுத்துச் செய்யப்படும் அம்முறை, கடுமையான மனச்சோர்வுக்குச் சிறந்த மருத்துவமாகவே விளங்குகிறது. ஆயினும் சிறிது காலத்துக்கு நினைவை அது மங்கச் செய்வதுண்டு. 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஆந்தனி பார்க்கர் என்பவரும் அவர் குழுவினரும், தலைக்கு வெளியே வைத்த காந்தச் சுருளால் மூளையைத் தூண்டிக் காட்டினர். காந்தத் தூண்டலை மனச்சோர்வுக்குப் பயன்படுத்த அமெரிக்க அரசு 2008இல் இசைவளித்தது.

மூன்றாவது முறை மிக மென்மையானது. நெற்றிப் பகுதியில் மின்முனைகளைப் பொருத்தி, 1 அல்லது 2 மில்லிஆம்பியர் அளவு மின்னோட்டத்தை இருபது, முப்பது நிமிடங்கள் செலுத்துகிறார்கள். கைவிளக்கின் சிறு பல்பில் ஓடும் மின்சாரத்தில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு அது. அதிர்ச்சி இல்லை, மயக்கமருந்தும் இல்லை. இம்மின்னோட்டம் நரம்பணுக்களை நேராக இயக்குவதில்லை. இயங்குவதற்குச் சற்று ஆயத்தமாக்குகிறது. விதைப்பதற்கு முன் நிலத்தை ஈரமாக்குவது போன்றது இது. விதையின்றி ஈரம் மட்டும் விளைவு தராது. ஆகவே மூளைப் பயிற்சியையும் உடன் சேர்க்க வேண்டும் என அறிஞர் கருதினர்.

இக்கருத்தைக் கனடாவின் டொராண்டோ நகரில் சோதித்தனர். மனச்சோர்விலிருந்து மீண்ட முதியோர், அறிதிறனில் சிறு குறைவு உடையோர், இரண்டும் உடையோர் என 375 பேர் அதில் பங்குபெற்றனர். அவர்களுடைய சராசரி வயது 72. ஒரு பகுதியினருக்கு மின்தூண்டலும் கணிப்பொறிவழிப் பயிற்சியும் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் எட்டு வாரங்கள் அளித்தனர். பின்னர் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை ஐந்து நாள் மீண்டும் அளித்தனர். மற்றப் பகுதியினருக்கு இரண்டும் போலியாகவே அளிக்கப்பட்டன.

2024இல் வெளியான முடிவு சிந்திக்கத்தக்கது. இரண்டு மாதம் கழிந்தபோது இரு பகுதியினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல, உண்மைச் சிகிச்சை பெற்றவர்களிடம் அறிதிறனின் சரிவு மெதுவாகவே நிகழ்ந்தது. மனச்சோர்விலிருந்து மீண்டவர்களிடம் இப்பயன் மிகுதியாகக் காணப்பட்டது. மறதிநோயே வராமல் தடுத்ததாக அச்சோதனை மெய்ப்பிக்கவில்லை. அன்றியும், பயன் மின்சாரத்தால் வந்ததா, பயிற்சியால் வந்ததா என்று பிரித்துச் சொல்லவும் அதனால் இயலாது. இரண்டும் சேர்த்தே அளிக்கப்பட்டன.

எனவே, இழந்த நினைவைச் சில நாளில் மீட்டுத் தருவதாக எவரேனும் கூறினால் நாம் நம்பலாகாது. இதற்கென விற்கப்படும் கருவிகளை வாங்கி வீட்டில் நாமே பொருத்திப் பார்ப்பதும் கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர், தலைக்குள் உலோகம் உள்ளவர், வலிப்பு கண்டவர் ஆகியோர் அதனை முன்னதாகவே மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும்.

அவ்வாறாயின் நாம் இன்று செய்யக்கூடியது யாது? முதலில் சோர்வை நோயென்று அறிந்து மருத்துவரை நாட வேண்டும். தைராய்டுக் குறைவு, வைட்டமின் பி12 குறைவு, செவிக்குறை ஆகியனவும் மறதி போலத் தோன்றக்கூடுமாதலால், அவற்றையும் பார்க்கச் சொல்ல வேண்டும். நினைவாற்றல் சோதனை பெரிதும் சொற்களைக் கொண்டு நடைபெறுவது. வேற்று மொழியில் வினவினால் மொழியறியாமையே மறதியாகக் கணக்கிடப்படலாம். தமிழில் சோதிக்க இயலுமா என்று தயங்காமல் கேட்க வேண்டும். 2022இல் நடுவண் அரசு தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசிச் சேவையில், 14416 என்னும் எண்ணில், எம்மாநிலத்திலிருந்தும் தமிழில் ஆலோசனை கேட்கலாம்.

சரிவைச் சில ஆண்டுகள் தாழ்த்துவது சிறு பயனாகத் தோன்றலாம். தம் கணக்கைத் தாமே பார்த்துக்கொண்டு, பேரக்குழந்தையின் பெயர் சொல்லி அழைத்து வாழும் ஆண்டுகள் அவை. அவற்றைக் காக்கும் வாய்ப்பு இருக்கும்போது, 'வயதாகிவிட்டது' என்னும் ஒரு சொல்லோடு நாம் நின்றுவிடுதல் தகாது.