சுருக்க வாசகத்தில் இல்லாத பெண்



மாற்கு நற்செய்தி 5ஆம் அதிகாரத்தில் யாயிரின் 12 வயது மகள் சாகக் கிடக்கிறாள். அவளைக் குணமாக்க இயேசு விரைகிறார். வழியில், 12 ஆண்டுகளாக இரத்தப்போக்கால் வருந்திய ஒரு பெண் கூட்டத்துக்குள் வந்து அவருடைய ஆடையைத் தொடுகிறார். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, பொதுக்காலம் 13ஆம் ஞாயிறன்று இதை வாசிக்கிறோம். அந்த ஞாயிறுக்குச் சுருக்கமான வாசகமும் உண்டு. அதில் யாயிரின் மகள் இருப்பாள். இந்தப் பெண் இருக்கமாட்டார். நேரமாகிறதே என்று நானும் சுருக்க வாசகத்தை வாசித்ததுண்டு.

ஒரு வீட்டிலும் அதையே செய்தேன். கிணத்துக்கடவு பக்கம், தோட்டத்து வீடு. குழந்தையின் திருமுழுக்குக்காகப் பேசப் போயிருந்தேன். என்ன பெயர், ஞானப்பெற்றோர் யார் என்றெல்லாம் கேட்டேன். பிள்ளை பெற்று 40 நாளான அந்தத் தாய் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, முகம் வெளுத்து நின்றார். "புள்ள பெத்த உடம்புங்க சாமி, அசதி இருக்கத்தானுங்க செய்யும்" என்றார் மாமியார். நானும் தலையாட்டினேன். திருமுழுக்கு அன்று ஆலயத்திலேயே அவர் மயங்கி விழுந்தார். மருத்துவமனையில் பார்த்தபோது ஹீமோகுளோபின் 7தான் இருந்தது. இன்று நலமாக இருக்கிறார். ஆனால் அன்று வீட்டில் அவரிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பது இன்னும் உறுத்துகிறது.

கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. ஏற்கெனவே குறைவாக உள்ள இரத்தம், பிரசவத்தில் இன்னும் குறைகிறது. படபடப்பு, மூச்சு வாங்குதல், தலைசுற்றல், காரணமில்லாத அழுகை ஆகியவற்றைச் சோம்பேறித்தனம் என்று ஏசாதீர்கள். இரத்தப்போக்கு அதிகமாக இருந்தால் உடனே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்தோடு நிறுத்திவிடுகிறோம். அதற்குப் பிறகும் 180 நாள் சாப்பிட வேண்டும் என்பதே அரசின் வழிகாட்டுதல். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருகிறார்கள். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். அது மாத்திரையால் வருவது. டீ, காபியோடு விழுங்கக் கூடாது. கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நெல்லிக்காய், எலுமிச்சை சேர்ந்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். பத்தியம் என்று சொல்லிக் கீரையையும் பழத்தையும் நிறுத்திவிடாதீர்கள். முருங்கைக்கீரை, கொள்ளு, ராகி, முட்டை, ஈரல் என எதுவும் நமக்குக் கிடைக்காத பொருளல்ல. ஆனால் மாத்திரையை மறந்து உணவை மட்டும் நம்பியிருக்கவும் வேண்டாம்.

இயேசு அந்தப் பெண்ணுக்காக நின்றதை எண்ணிப் பாருங்கள். யாயிருக்கு ஒவ்வொரு நொடியும் பதைபதைப்பு. சீடர்களுக்கோ, இத்தனை கூட்டத்தில் தொட்டது யாரென்று கேட்கிறாரே என்ற வியப்பு. அவரோ நின்றார், சுற்றிலும் பார்த்தார், அந்தப் பெண் நடந்ததையெல்லாம் சொல்லும்வரை கேட்டார். அவரை மகள் என்று அழைத்தார். அடுத்து யாயிரின் வீட்டில் சிறுமியை எழுப்பிய கையோடு, அவளுக்கு உண்ணக் கொடுங்கள் என்றும் சொன்னார். புதுமை செய்தவருக்கும் சாப்பாடு மறக்கவில்லை.

நம் வீடுகளில் எல்லாரும் உண்டபின் சட்டியில் மிஞ்சியதைத்தான் பெற்றவள் உண்கிறாள். கணவன்மாரே, இன்று இரவு அவருக்கு முதலில் பரிமாறுங்கள். மாத்திரை சாப்பிட்டாயா என்று கேளுங்கள். மாமியார்மாரே, நீங்களும் அந்த அசதியைத் தாங்கியவர்கள்தாமே? உங்கள் மருமகளாவது அதைத் தாங்காமல் இருக்கட்டும். குழந்தை பார்க்கப் போகிறவர்கள் தாயையும் பார்த்துவிட்டு வாருங்கள். நானும் இப்போது அப்படித்தான் செய்கிறேன். அந்த ஞாயிறு வரும்போது முழு வாசகத்தையும் வாசிக்கிறேன்.

இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.