பள்ளிக் குழாயில் காரீயம்

(பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



ஈயம் என்றதும் பேராக்கில் பிறந்த நமக்குக் கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈய லம்பங்களே நினைவுக்கு வரும். அது வெள்ளீயம். இரசம் வைக்கும் ஈயச் சொம்பும் அதுவே. இன்று நான் பேச வந்தது காரீயத்தைப் பற்றி. பெயர் ஒன்றுபோல் இருப்பதால், "பாட்டன் காலத்திலிருந்து புழங்கியதுதானே" என்று வாளாவிருந்துவிடலாகாது.

சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து நல்ல நீராகப் புறப்படுவது, பழைய குழாயிலும் பித்தளைத் திருகிலும் இரவு முழுதும் தேங்கும்போது காரீயத்தைக் கரைத்துக்கொள்கிறது. குழாய் இணைப்புகளில் உருக்கி ஊற்றிய பழைய பற்றாசில் வெள்ளீயத்தோடு காரீயமும் கலந்திருந்தது. நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. சிறு பிள்ளைகளின் உடல் அதனை மிகுதியாக ஏற்கும். வளரும் மூளையைத் தாக்கிக் கற்கும் ஆற்றலைக் குறைக்கும். விடுமுறை கழிந்த காலையில் முதற்பிள்ளை ஏந்தும் குவளையிலேதான் அபாயம் அதிகம்.

"கொதிக்க வைத்துத்தானே கொடுக்கிறோம்" என்பீர்கள். கிருமிக்கு அது சரி. காரீயம் கொதித்தாலும் போகாது. நீர் வற்ற வற்றச் செறிவு கூடவே செய்யும்.

நம் நாட்டில் 1983 முதல் சுகாதார அமைச்சு குடிநீர்த் தரத்தைக் கண்காணித்து வருகிறது. ஒரு லிட்டரில் காரீயம் 0.01 மில்லிகிராமை மிஞ்சலாகாது என்பது விதி. ஆனால் மீட்டரைத் தாண்டி வளாகத்தினுள் ஓடும் குழாய் உடைமையாளரின் பொறுப்பு. நம் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

அமெரிக்காவில் பிளின்ட் என்னும் நகரம், செலவைச் சுருக்க எண்ணி 2014இல் ஆற்றுநீருக்கு மாறியது. குழாய் அரிக்காதிருக்கச் சேர்க்கவேண்டிய மருந்தைச் சேர்க்கவில்லை. பிள்ளைகளின் இரத்தத்தில் காரீயம் கூடியதை மோனா ஹன்னா அட்டிஷா என்ற மருத்துவர் 2015இல் எடுத்துக்காட்டிய பிறகே பழைய நீருக்குத் திரும்பினர். பள்ளி நீரைச் சோதிக்க அந்நாட்டு மத்திய அரசு நிதி வழங்க வழிசெய்யும் சட்டம் 2016இல் பிறந்தது.

சோதனைக்கு வேண்டுவது, எட்டு மணி நேரமாகத் திறக்காத குழாயின் முதல் கால் லிட்டர் நீர். முன்கூட்டியே திறந்துவிட்டுப் பிடித்தால் சோதனை வீண். இது சிறு செலவு. குழாயை மாற்றுவதே பெருஞ்செலவு. எனவே புட்டியை நிரப்புமுன், மாற்றும் பணம் யாருடையது என்பதை எழுத்தில் முடிவு செய்யுங்கள். இல்லையேல் முடிவுத்தாள் மேசை இழுப்பறையில் உறங்கும். வீட்டில் தாய்தான் உறங்கமாட்டாள்.

அச்செலவைத் தலைக்கு இத்தனை வெள்ளி என்று பெற்றோர்மேல் பிரிப்பதை நான் ஏற்கமாட்டேன். தொழிலாளர் வெள்ளி வெள்ளியாய்ச் சேர்த்து எழுப்பிய பள்ளிகள் பல. போதுமான அளவு கொடுத்தாயிற்று. தொழிலாளர் குடியிருப்புக்கு முதலாளி இலவசமாகக் குழாய்நீர் தரவேண்டும் என்பது 1990ஆம் ஆண்டுச் சட்டம். அதே நியாயத்தைத் தோட்ட நிலத்திலுள்ள பள்ளிக்கும் கேட்பது தவறன்று. தோட்டம் கைமாறிய இடங்களில், குழாய் இப்போது யாருடையது என்பதைப் பள்ளி வாரியம் முதலில் விசாரிக்கட்டும். மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கும் எழுதட்டும்.

அதுவரை, மணியடிக்குமுன் ஒவ்வொரு குழாயையும் சில நிமிடம் திறந்துவிடச் சொல்லுங்கள். அந்நீர் பூஞ்செடிகளுக்குப் போகட்டும். பிள்ளைகள் பிறகு குடிக்கட்டும்.