கொல்லையில் ஒரு பவுடர் கோட்டிங் பட்டறை
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"ரிடையர் ஆனப்புறம் என்னப்பா பண்றே?" என்று போன சந்திப்பில் செயலாளர் கேட்டார். "கொல்லையில பவுடர் கோட்டிங் பண்றேன்" என்றேன். "முகத்துக்குப் போடறதா?" என்றார். அவர் சிவில், மன்னித்துவிட்டேன். அதற்கு அவர் கொடுத்த தண்டனைதான் இந்தப் பேச்சு.

அலுமினிய ஜன்னல் சட்டம், ஸ்டீல் பீரோ, கட்டில் என்று நம் வீட்டில் பாதிச் சாமான்கள் பவுடர் கோட்டிங் ஆனவைதான். இதில் தின்னர் கிடையாது, பிரஷ் கிடையாது. பிசினும் நிறமும் கலந்த நைஸான பவுடரை ஒரு கன் வழியாக ஊதுகிறோம். கன் அதற்கு மின்னேற்றம் கொடுக்கிறது. எர்த் செய்த இரும்பின் மேல் பவுடர் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். அதை அப்படியே அடுப்பில் வைத்து 180 முதல் 200 டிகிரி சென்டிகிரேடில் சுட்டால், உருகி, பரவி, கெட்டியாகிவிடும். 60 முதல் 80 மைக்ரான் கனம் வந்தால் போதும். 1950-களில் ஜெர்மனியில் எர்வின் கெம்மர் என்பவர் சூடான இரும்பைப் பவுடருக்குள் முக்கி எடுத்துத் தொடங்கிய வேலை இது. மின்னேற்றிய கன் 1960-களில் வந்தது. இப்போது கைக்கடக்கமான சின்ன கன் வீட்டுக்கே கூரியரில் வந்துவிடுகிறது.

வந்த அன்றைக்கே ஒரு பழைய சைக்கிள் ஸ்டாண்டைத் தொங்கவிட்டு ஊதினேன். பவுடர் ஒட்டினாற்போல் இருந்தது. தூக்கிக்கொண்டு நாலடி நடந்தேன், மொத்தமும் திருநீறு மாதிரி உதிர்ந்தது. மறுபடி ஊதினேன், மறுபடி உதிர்ந்தது. மூன்றாவது தடவை ஸ்டாண்டைத் தொட்டபோது விரல் நுனியில் சுள்ளென்று ஒரு பொறி. பக்கத்தில் பேரன் நின்றுகொண்டிருந்தான். "தாத்தா, பட்டாசு!" என்று கை தட்டினான்.

எனக்கு வேர்த்துவிட்டது. காற்றில் மிதக்கும் பவுடர், மாவு மில்லில் பறக்கும் மாவு மாதிரி. அளவு கூடி, ஒரு பொறியும் விழுந்தால் பற்றிக்கொள்ளும். பேரனை உள்ளே அனுப்பிவிட்டு நம் எலக்ட்ரிக்கல் நண்பனுக்குப் போன் போட்டேன். மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான், பெயரைச் சொன்னால் அடிக்க வருவான். நாலு வருஷம் "ஒயர்மேன்" என்று நாங்கள் கூப்பிட்டவன்.

வந்தான். ஹோல்டரில் ஒரு குண்டு பல்பை மாட்டி, கொட்டகையில் இருந்த மூணு பின் பிளக்கில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் வைத்தான். எரிந்தது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் வைத்தான். எரியவில்லை. பிளக் பெட்டியைக் கழற்றினால், மேலே இருக்கும் பெரிய ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை! வீட்டிலிருந்து கொட்டகைக்கு ரெண்டு ஒயரை மட்டும் இழுத்து, மூணு பின் பிளக்கை அழகுக்கு மாட்டியிருக்கிறார்கள். பன்னிரண்டு வருஷமாக அதில்தான் டிரில்லிங் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். "டேய், நீ மெக்கானிக்கல்தான்டா" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

தனியாக எர்த் போட்டு, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் மாட்டிக் கொடுத்தான். கன்னோடு வரும் எர்த் கிளிப்பைச் சாமான் தொங்கும் கம்பியில் கடித்தாற்போல் மாட்டச் சொன்னான். அடுத்த ஊதலில் பவுடர் காந்தம் மாதிரிப் போய் அப்பிக்கொண்டது, சுற்றி வளைத்துப் பின்பக்கம் கூட ஏறியது. ஆகவே தொடங்க நினைப்பவர்கள் கன் ஆர்டர் போடுவதற்கு முன்னால் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பிளக்கைப் பாருங்கள். அப்புறம் கொக்கி. நாலு தடவை அடுப்புக்குள் போய்வந்த கொக்கியின் மேல் கோட்டிங் ஏறிவிடும், கரண்ட் போகாது. எர்த் ஒயர் இருந்தும் எர்த் இல்லை. கொக்கியைத் தேய்த்துப் பளபளவென்று வைத்துக்கொள்ளணும். முக்கு மூலைகளில் பவுடர் ஏற மறுக்கும், அவற்றை முதலில் ஊதிவிட்டு அப்புறம் வெளிப்பக்கம் வாருங்கள். முகத்துக்குத் தூசி புகாத ரெஸ்பிரேட்டர் கட்டாயம். ஊதும் இடத்தில் அடுப்பு, ஊதுபத்தி, பீடி எதுவும் ஆகாது.

அடுப்பு விஷயத்தில் வீட்டில் பெரிய சண்டையே நடந்தது. சம்சாரம் கேக் சுடும் ஓ.டி.ஜி. அடுப்பில் ஒரே ஒரு கிளாம்பைச் சுட்டு எடுத்தேன். "ஏனுங்க, இதுல இனி நான் எப்படிங்க கேக் சுடறது?" என்று கேட்டாள். அவள் கேட்டதுதான் சரி. பவுடர் போன அடுப்பில் சாப்பாடு கூடவே கூடாது. அது கொட்டகைக்குப் போய்விட்டது, அவளுக்குப் புதுசு வந்தது. அந்த அடுப்பின் டயலையும் நம்பாதீர்கள். என்னுடையது 200 என்று காட்டும்போது உள்ளே 170 தான். தெர்மோகப்பிள் மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பவுடர் டப்பாவில் போட்டிருக்கும் நிமிஷக் கணக்கு, இரும்பே அந்தச் சூட்டுக்கு வந்தபிறகு எண்ண வேண்டியது. அவசரப்பட்டு எடுத்தால் பளபளப்பாகத்தான் இருக்கும், ஆறு மாசத்தில் பொறுக்குத் தட்டும்.

சுத்தம் செய்வதைப் பற்றி மட்டுமே ஒரு மணி நேரம் பேசலாம், செயலாளர் விடமாட்டார். எண்ணெய், துரு, பழைய பெயின்ட் மூன்றும் போகணும். துடைத்த பிறகு வெறும் கையால் தொடக்கூடாது. தின்னரில் துடைத்தால் முழுக்கக் காயவிட்டுத்தான் அடுப்பு. குழாய்க்குள் ஈரம் நின்றால் உள்ளே தீப்பிடிக்கும். நம் கோவைப் பக்கத்துப் பம்ப்செட் காஸ்டிங் மாதிரிச் சாமான்களை ஒருமுறை வெறுமனே சூடாக்கி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் காற்றும் எண்ணெயும் கொப்புளமாகக் கிளம்பும். பேரிங், ரப்பர் புஷ் எல்லாம் கழற்றணும். கேஸ் அடைத்த ஷாக் அப்சார்பரை அடுப்புக்குள் வைக்கவே வைக்காதீர்கள், வெடிக்கும்.

இதெல்லாம் தெரிந்தபிறகும் ஒரு தப்பு செய்தேன். முதல் வருஷ ஷீட் மெட்டல் லேபில் நாம் செய்த தகர டிரே ஞாபகம் இருக்கிறதா? எனக்கும் என் ரோல் நம்பர் பார்ட்னருக்குமாகச் சேர்த்து ஒரு டிரே. மடித்தது நான், மூலைகளுக்கு ஈயம் பற்றவைத்தது அவன். 2020-ல் அவன் நம்மை விட்டுப் போனான். டிரே என்னிடம் இருந்தது, துருப்பிடித்துப் போய். இந்தச் சந்திப்புக்கு அதைப் புதுசாக்கிக் கொண்டுவர நினைத்தேன். தேய்த்தேன், துடைத்தேன், எர்த் பார்த்தேன், நீல நிறம் ஊதினேன், 190 டிகிரியில் வைத்தேன்.

வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்று 183 டிகிரியில் உருகத் தொடங்கும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன்தான் நான். கதவைத் திறந்தபோது நாலு மூலையும் பிரிந்து, டிரே தட்டையாகக் கிடந்தது. அவன் வைத்த பற்று சின்னச் சின்ன உருண்டைகளாக அடுப்பின் தரையில் இருந்தது. ரொம்ப நேரம் அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன். சம்சாரம் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் காப்பி வைத்துவிட்டுப் போனாள்.

மறுபடி மடித்து, இந்தத் தடவை மூலைகளுக்கு ரிவெட் அடித்து, மீண்டும் கோட்டிங் போட்டேன். காலையில் நீங்கள் கையெழுத்துப் போட்டீர்களே, அந்த மேசையில் பேனா வைத்திருந்த நீல டிரே அதுதான். ஓரத்தில் ரெண்டு கொப்புளம் இருக்கும், கால்வனைஸ் தகடு அப்படித்தான். அந்த ஈய உருண்டைகளை ஒரு பழைய ஃபிலிம் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். அவன் மகள் மதியம் வருவதாகச் சொல்லியிருக்கிறாள், அவளிடம் கொடுக்கணும்.

ஒயர்மேன் வாட்சைக் காட்டுகிறான்.