ஆடலோட்டம்: வீட்டுக்கு வரும் மின்சாரத்தை அறிந்துகொள்வோம்
(மின்னிணைப்புப் பயிற்சியின் முதல் நாளில் ஆற்றிய உரை)



மின்சாரம் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டவர்கள் நாங்கள். ஆகவே இன்றைய பாடம் உங்களுக்கு முற்றிலும் புதிதல்ல. டைனமோவுக்குள் காந்தம் சுழல்கிறது. அதன் வடமுனை கம்பிச்சுருளைக் கடக்கும்போது மின் ஒரு பக்கம் ஓடும். தென்முனை கடக்கும்போது மறுபக்கம் ஓடும். இப்படித் திசை மாறி மாறி ஓடுவதே ஆடலோட்டம். பற்றரி தருவது ஒரே திசையில் ஓடும் நேரோட்டம்.

மின்சார சபையின் கம்பியில் வருவதும் ஆடலோட்டமே. அது செக்கனுக்கு 50 முறை போய்த் திரும்புகிறது. இதையே 50 ஹேட்ஸ் மீடிறன் என்கிறோம். 230 உவோல்ற்று நேரோட்டம் தரும் அதே வெப்பத்தைத் தருவதால் இதை 230 உவோல்ற்று என்று சொல்கிறோம். ஆனால் உச்சத்தில் அது ஏறத்தாழ 325 உவோல்ற்றைத் தொடும்.

வீட்டுக்கு வரும் இரு கம்பிகளில் நொதுமல் கம்பி நிலத்துடன் தொடுக்கப்பட்டது. ஆகவே உயிர்க்கம்பியை மட்டும் தொட்டாலும், நிலத்தில் நிற்பவரின் உடலூடாக மின் பாயும். இதனால்தான் ஆளி உயிர்க்கம்பியில் இருக்கவேண்டும். நொதுமல் கம்பியில் பொருத்தினாலும் பல்ப் அணையும். ஆனால் ஹோல்டரில் மின் இருக்கும். பல்ப் மாற்றப்போகும் அம்மாவுக்கு அது தெரியாது.

ட்ரிப் சுவிட்ச், போகும் மின்னும் திரும்பும் மின்னும் சமமா என்று பார்க்கிறது. வீடுகளுக்கான வகை, 30 மில்லி அம்பியர் வித்தியாசம் வந்தாலே மின்னைத் துண்டித்துவிடும். அது அடிக்கடி விழுகிறதென்று ஒருபோதும் கட்டிவைக்க வேண்டாம். எங்கோ மின் கசிகிறது என்பதே அதன் பொருள்.

இன்னொன்று. கரண்ட் இல்லாத நேரம் ஜெனரேற்றரை பிளக் மூலம் வீட்டு வயரிங்குக்குக் கொடுக்காதீர்கள். வீதியிலுள்ள ட்ரான்ஸ்போமர் இரு பக்கமும் வேலை செய்யும். நீங்கள் கொடுக்கும் 230 உவோல்ற்று அங்கே பல ஆயிரமாக உயர்ந்து, கம்பத்தில் திருத்த வேலை செய்யும் ஊழியரின் உயிரைப் பறிக்கும்.

பெற்றோரே, பல வருடம் பூட்டிக் கிடந்த வீடுகளுக்குத் திரும்பியிருக்கிறீர்கள். எலி கடித்த, மழையில் ஊறிய வயர்கள் சுவருக்குள் இருக்கலாம். தகுதி பெற்ற மின்னியலாளர் சோதிக்காமல் இணைப்பு எடுக்க வேண்டாம். தம்பி தங்கைகளே, நாளைக்கு அந்தச் சோதனையைச் செய்யப்போகிறவர்கள் நீங்கள்தான். கவனமாகக் கற்றுக்கொள்ளுங்கள்.