பணம் இல்லாததற்கு அபராதமா? வங்கிக் கட்டணக் கொள்ளையைத் தட்டிக் கேட்போம்!

(இரும்புலியூர் விவசாயிகள் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



உரம், தண்ணீர், நெல் விலை பேசுகிற சங்கம் இன்றைக்கு ஏன் பேங்க் பாஸ்புக்கைப் பேசுகிறது என்று சிலர் கேட்டார்கள். பி.எம். கிசான் தவணை 2,000 ரூபாய், நெல் கொள்முதல் பணம், பயிர்க் காப்பீடு, வீட்டுப் பெண்களுக்கு வரும் உரிமைத் தொகை எல்லாமே வங்கிக் கணக்கில்தான் வருகிறது. கையில் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்ல வழியில்லை. வாசல் ஒன்றுதான். அந்த வாசலில் நின்று சுங்கம் வசூலித்தால் நாம் எங்கே போவது?

நம் சங்கத்து அம்மா ஒருவர், அரை ஏக்கரில் கீரை போடுகிறவர். கிசான் பணம் 2,000 வந்திருக்கிறது என்று வங்கிக்குப் போனார். கணக்கில் இருந்தது 1,400 சொச்சம். மினிமம் பேலன்ஸ் அபராதம், அதற்கு ஜி.எஸ்.டி., எஸ்.எம்.எஸ். கட்டணம் என்று மீதி போய்விட்டது. கவுண்டரில் கேட்டால், “சிஸ்டம் தானா பிடிச்சுக்குதும்மா, நாங்க ஒண்ணும் பண்ண முடியாது” என்கிறார்கள். சிஸ்டத்துக்குக் கட்டளை போட்டது யார்? அதைக் கேட்கத்தான் இந்தக் கூட்டம்.

சராசரி மாத இருப்பு என்பது என்ன? மாதத்தின் ஒவ்வொரு நாள் இருப்பையும் கூட்டி, நாள் கணக்கால் வகுப்பார்கள். அது வங்கி சொன்ன தொகைக்குக் குறைந்தால் அபராதம். மாதச் சம்பளக்காரருக்கு இது ஒத்து வரலாம். நமக்கு வரவு மாதத்துக்கு மாதமா வருகிறது? போகத்துக்குப் போகம் வருகிறது. தை மாதம் நெல் பணம் 60,000 ரூபாய் ஒரு மாதம் முழுக்கக் கணக்கில் கிடந்தால், வருடச் சராசரி 5,000 ரூபாய். ஆனாலும் மீதி 11 மாதம் அந்த விவசாயி அபராதம் கட்ட வேண்டியவர். என்னய்யா நியாயம் இது?

அதிலும் நம் பக்கத்து ஆட்களுக்கு இரட்டை அடி. முடிச்சூர், மண்ணிவாக்கம், படப்பை, சோமங்கலம் பக்கம் பயிர் வைக்கிறவர்கள் பலருக்குக் கணக்கு தாம்பரம் கிளையில். குறைந்தபட்ச இருப்பைக் கிளை இருக்கும் ஊரை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். 2017 ஏப்ரலில் ஸ்டேட் வங்கி இந்த அபராதத்தை மறுபடி கொண்டுவந்தபோது கிராமக் கிளைக்கு 1,000 ரூபாய், பெருநகரக் கிளைக்கு 5,000 ரூபாய் என்றது. வருமானம் கிராமத்துக் கணக்கு, அபராதம் பட்டணத்துக் கணக்கு!

இது சில்லறை விஷயம் இல்லை. 2017 ஏப்ரல் முதல் நவம்பர் வரை ஸ்டேட் வங்கி மட்டும் இப்படி 1,771 கோடி ரூபாய் வசூலித்தது. அந்த ஆண்டு ஜூலை-செப்டம்பர் காலாண்டில் அது சம்பாதித்த நிகர லாபமே 1,581 கோடிதான். எதிர்ப்பு கிளம்பிய பிறகு தொகையைக் குறைத்தார்கள். 2020 மார்ச்சில் அடியோடு நீக்கினார்கள். ஆனால் மற்ற பொதுத்துறை வங்கிகள் விடவில்லை. 2019-20 முதல் 2023-24 வரை ஐந்து ஆண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் வசூலித்தது சுமார் 8,500 கோடி என்று 2024 ஜூலையில் நாடாளுமன்றத்தில் மத்திய அரசே சொன்னது. கையில் இருப்பவரிடம் வாங்கியது அல்ல இது. இல்லாதவரிடம், இல்லை என்பதற்காகவே பிடுங்கியது.

2023 செப்டம்பரில் தமிழ்நாடு முழுக்க என்ன நடந்தது என்று தாய்மார்களுக்குத் தெரியும். மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வந்த கையோடு சில வங்கிகள் பழைய அபராதப் பாக்கிக்குப் பிடித்துக்கொண்டன. பெண்கள் கொதித்தார்கள். நிதியமைச்சர் தங்கம் தென்னரசு, அந்தப் பணத்தில் வங்கிகள் கை வைக்கக் கூடாது என்று சொல்லி, 1100-க்குப் புகார் செய்யச் சொன்னார். சத்தம் போட்டதால்தான் அது நடந்தது.

2025-இல் கனரா வங்கி, பஞ்சாப் நேஷனல் வங்கி, இந்தியன் வங்கி ஆகியவையும் சேமிப்புக் கணக்கில் இந்த அபராதத்தை நீக்கின. வரவேற்கிறோம். ஆனால் அதே 2025 ஆகஸ்டில் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி, நகரங்களில் புதுக் கணக்குக்கு 50,000 ரூபாய் இருப்பு வேண்டும் என்றது. நாடே திட்டிய பிறகு 15,000 ஆக்கியது. அதை அந்தந்த வங்கியே முடிவு செய்யலாம் என்றார் ரிசர்வ் வங்கி ஆளுநர். வேலி காக்க வேண்டியவர், பயிரை மாடு தன் விருப்பப்படி மேயலாம் என்றால் எப்படி?

ஏட்டில் நமக்குச் சாதகமான விதிகள் இருக்கின்றன. மனதில் வைத்துக்கொள்ளுங்கள்:

1. இருப்பு குறைந்தால் முதலில் தகவல் சொல்லி, ஒரு மாத அவகாசம் தர வேண்டும். குறைந்த தொகைக்கு ஏற்பத்தான் அபராதம். அபராதத்தால் மட்டுமே கணக்கு மைனஸில் போகக் கூடாது. இது 2015 ஏப்ரல் முதல் உள்ள விதி.

2. செயல்படாத கணக்குக்கு அபராதம் கூடாது. அதை மறுபடி உயிர்ப்பிக்கவும் கட்டணம் கூடாது. இது 2024 ஏப்ரல் முதல்.

3. எல்லா வங்கியிலும் அடிப்படைச் சேமிப்புக் கணக்கு உண்டு. அதற்கு மினிமம் பேலன்ஸ் கிடையாது. இருக்கிற கணக்கையும் எழுதிக் கொடுத்து அப்படி மாற்றிக்கொள்ளலாம்.

வாய்ப்பேச்சாகக் கேட்டால் வாய்ப்பேச்சாகத்தான் பதில் வரும். எழுதிக் கொடுங்கள். நகலில் தேதி, முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதிலில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்கு மனு போடலாம். வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448. மனு எழுதத் தெரியாதவர்கள் பாஸ்புக்கோடு சங்கத்துக்கு வாருங்கள், நாங்கள் எழுதித் தருகிறோம்.

நம் கோரிக்கைகள்:

* தனியார் வங்கி உட்பட எல்லா வங்கியிலும் மினிமம் பேலன்ஸ் அபராதத்தை ரிசர்வ் வங்கி தடை செய்!
* அரசு உதவித் தொகையில் எந்தக் கட்டணமும் பிடிக்காதே!
* விதியை மீறிப் பிடித்த பணத்தை வட்டியோடு திருப்பிக் கொடு!
* கட்டண விவரத்தைக் கிளை வாசலில் தமிழில் எழுதி வை!

ஒருத்தர் போய்க் கேட்டால் சிஸ்டம் என்பார்கள். நூறு பேர் பாஸ்புக்கோடு போய் நின்றால் மேனேஜர் எழுந்து வந்து பேசுவார். ஒவ்வொருவரும் நாளைக்கே பாஸ்புக்கில் வரவு செலவு பதிந்து வாங்குங்கள். பிடித்த ஒவ்வொரு ரூபாயையும் சிவப்பு மையில் வட்டம் போடுங்கள். அந்த வட்டங்களோடு சேர்ந்தே போவோம்.

உழுதவன் கணக்குப் பார்க்க மாட்டான் என்று நினைத்தவர்களுக்கு, நாம் கணக்குப் பார்ப்போம் என்று காட்டுவோம்.