சுத்தம் என்று சொல்லும் வாய்

(எங்கள் மருத்துவமனையின் ஸ்தோத்திரக் கூடுகையில், ஊழியத்தைத் தாங்கும் சபையாருக்குக் கொடுக்கப்பட்ட தேவசெய்தி)



ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் இந்த மருத்துவ ஊழியத்தைத் தாங்கி வருகிறீர்கள். அதற்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறோம். இன்று உங்களிடத்தில் வேறொரு காணிக்கையைக் கேட்க வந்திருக்கிறோம். அது உங்கள் வாயின் வார்த்தை.

நாவு ஒருவனை வாழவும் வைக்கும், சாகவும் வைக்கும் என்பதை நீதிமொழிகள் 18-ம் அதிகாரம் போதிக்கிறது. தேவனைத் துதிக்கும் அதே வாயினால் அவருடைய சாயலான மனுஷரைச் சபிக்கிறோமே என்று யாக்கோபு 3-ம் அதிகாரத்தில் வருந்துகிறார். இது எவ்வளவு உண்மை என்பதைத் தொழுநோயாளிகள் நடுவில் நாங்கள் கண்டுவருகிறோம்.

லேவியராகமம் 13-ம் அதிகாரத்தைப் பாருங்கள். குஷ்டரோகி என்று ஆசாரியன் தீர்த்துவிட்டால், அந்த மனுஷன் பாளயத்துக்கு வெளியே தனியே குடியிருக்க வேண்டும். அதோடு முடியவில்லை. தான் தீட்டுள்ளவன் என்று தன் வாயாலேயே சத்தமிட வேண்டும். அப்படிப்பட்ட ஒருவன் மாற்கு 1-ம் அதிகாரத்தில் ஆண்டவரிடம் வந்து முழங்கால்படியிட்டான். ஆண்டவர் மனதுருகினார், கையை நீட்டித் தொட்டார், பிறகு பேசினார். தீட்டு என்றே தன்னைக் குறித்துச் சொல்ல வேண்டியிருந்தவன், சுத்தம் என்னும் சொல்லைத் தேவகுமாரனுடைய வாயிலிருந்து கேட்டான்.

இன்னொருவரையும் நினைத்துப் பாருங்கள். மாற்கு 14-ல் பெத்தானியாவில் ஆண்டவர் சீமோன் என்பவருடைய வீட்டில் பந்தியிருந்தார். அந்தச் சீமோன் சுகமடைந்தவராகத்தான் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் வீட்டில் விருந்து ஏது? ஆனாலும் வியாதியின் பெயர் அவரை விட்டுப் போகவில்லை. இன்றுவரை நாம் அவரை அந்தப் பெயராலேயே அடையாளம் சொல்லுகிறோம்.

பிரியமானவர்களே, வேதத்தில் சொல்லப்பட்ட குஷ்டம் பலவகைத் தோல் வியாதிகளைக் குறிக்கும் சொல். வஸ்திரத்திலும் வீட்டுச் சுவரிலும் உண்டாகும் குஷ்டத்தைக் குறித்தும் லேவியராகமம் பேசுகிறது. இன்று நாம் தொழுநோய் என்பது ஒரு கிருமியால் வரும் வியாதி. நார்வே தேசத்து மருத்துவர் ஹான்சன் 1873-ல் அக்கிருமியைக் கண்டுபிடித்தார். 1981-ல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. 6 மாதமோ 12 மாதமோ மாத்திரை சாப்பிட்டால் பூரண குணம் உண்டு. அரசு மருத்துவமனைகளில் இம்மாத்திரை இலவசம்.

அப்படியிருந்தும் பலர் தாமதமாகவே வருகிறார்கள். உணர்ச்சியற்ற ஒரு தேமலைக் கண்டதும் சட்டைக்குள் மறைத்துக்கொள்ளுகிறார்கள். அவர்கள் பயப்படுவது மாத்திரைக்கல்ல, அந்தப் பெயருக்கு. மறைத்த மாதங்களில் நரம்பு கெட்டு, விரல்கள் மடங்கிப்போகின்றன. பிறகு கிருமி செத்தாலும், இழந்த உணர்ச்சி பெரும்பாலும் திரும்புவதில்லை.

நம்முடைய பிரசங்கங்களையும் சற்று யோசித்துப் பார்ப்போம். பாவத்தைக் குஷ்டத்துக்கு ஒப்பிட்டுப் பேசுவது நமக்குப் பழக்கம். கடைசி பெஞ்சில் தன் கையை மறைத்தபடி உட்கார்ந்திருக்கும் ஒரு சகோதரி அதைக் கேட்டால் என்ன நினைப்பாள்? தன் வியாதி பாவத்தின் அடையாளம் என்று சபையே சொல்லிவிட்டபின் அவள் யாரிடம் வாய் திறப்பாள்?

தேசத்தின் சட்டங்களே இன்று திருந்தியிருக்கின்றன. 1898-ம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் 2016-ல் நீக்கப்பட்டது. கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டத்திலும் தொழுநோய் ஒரு காரணமாக எழுதப்பட்டிருந்தது. 2019-ல் அது எடுக்கப்பட்டது. சட்டப் புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்ட சொல் நம் வீட்டுத் திண்ணையிலும் ஆலயத்திலும் தங்கியிருக்கலாமா?

தூக்கியெடுக்கும் வார்த்தையும் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இருந்த டாக்டர் மேரி வர்கீஸ், 1954-ல் நடந்த ஒரு வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். இனி மருத்துவராக வாழ முடியுமா என்ற நிலை. டாக்டர் பால் பிராண்ட் அவரிடம், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யலாம் என்று எடுத்துச் சொன்னார். அவர் அப்படியே செய்தார். மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன. பின்பு வேலூரில் மறுவாழ்வு மருத்துவத்துறையை அவரே முன்னின்று நடத்தினார். 1972-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஏற்ற சமயத்தில் சொல்லப்பட்ட ஒரு வார்த்தை எத்தனை பேருடைய கைகளைத் தொட்டது!

ஆகவே உங்களை அன்போடு கேட்டுக்கொள்ளுகிறோம். அந்தப் பழைய பெயரால் ஒருவரையும் அழைக்காதிருங்கள். வேதத்தில் அச்சொல்லை வாசிக்கும்போது, இன்று இந்த வியாதிக்குச் சுகம் உண்டு என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். தேமல் கண்ட ஒருவர் உங்களிடம் வந்தால், பயப்படாதே, வா, நான் கூட வருகிறேன் என்று சொல்லுங்கள். சுகமாகி ஊர் திரும்புகிறவரைப் பெயர் சொல்லி வரவேற்று, உங்கள் பந்தியில் உட்காரவையுங்கள். மருந்தை நாங்கள் கொடுக்கிறோம். அந்த வார்த்தையை அவருடைய ஊராரும் சபையாரும்தான் கொடுக்க முடியும்.

இளைத்துப்போனவனுக்குச் சமயத்துக்கேற்ற வார்த்தை சொல்லும் நாவை, ஏசாயா 50-ல் காண்கிறபடி, கர்த்தர் நம் ஒவ்வொருவருக்கும் தந்தருளுவாராக. ஆமென்.